பாத்ரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள்: மருத்துவமனையில் விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேல் மெடிக்கல் வார்டிலும் ஆர்த்தோ வார்டிலும் செவிலியராக இருந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் நோயாளியோடு தங்கும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளமாக இருக்கும். அவற்றைத் தாண்டிப் போய்விடாமல் பொறுமையாகப் படியுங்கள்.

டாக்டர், நர்ஸ் எல்லாரும் பக்கத்திலேயே இருக்கும்போது நோயாளி எப்படி விழுகிறார்?

பக்கத்தில் இருக்கிறோம். ஆனால் அவர் எழுந்திருக்கிற அந்த ஒரு நிமிடத்தில் கட்டிலோரம் யாரும் இருப்பதில்லை.

வீட்டில் இருட்டிலும் பாத்ரூம் போய் வருவார். எத்தனை எட்டு, எங்கே வாசப்படி, எங்கே சுவர் என்பது காலுக்கே தெரியும். இங்கே எல்லாம் புதுசு. கட்டில் உயரம். பாயிலோ தாழ்வான கட்டிலிலோ படுத்துப் பழகியவருக்குக் கால் தரையில் படுவதற்கு முன்பே உடம்பு சரிந்துவிடும். தரை வழவழ டைல்ஸ். இரண்டு நாள் காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத உடம்பு. கையில் ட்ரிப்ஸ். ராத்திரி போட்ட தூக்க மாத்திரை.

இதோடு, படுக்கையே ஆளைப் பலவீனமாக்கும். அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு அது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், நிமோனியாவோடு வந்து படுத்தவரை நினைத்துப் பாருங்கள். ஆனால் அவர் மனசில் இருப்பது அட்மிஷனுக்கு முந்தைய கால். அந்தக் காலை நம்பித்தான் எழுந்திருக்கிறார்.

எங்கே, எப்போது அதிகம் விழுகிறார்கள்?

கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில். இல்லையென்றால் கட்டிலிலிருந்து இறங்குகிற இடத்தில், அல்லது பாத்ரூமுக்குள்ளேயே. என் அனுபவத்தில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியற்காலை வரைதான் நெஞ்சு படபடக்கும் நேரம். கூட இருப்பவர் அசந்து தூங்கியிருப்பார். வார்டில் விளக்கு மங்கல். சாயங்காலம் நீர் மாத்திரை போட்டவருக்கு அப்போதுதான் மூத்திரம் முட்டும்.

அட்மிஷன் ஆன முதல் ராத்திரியையும், ‘இப்போ தேவலை’ என்று நோயாளி சொல்ல ஆரம்பிக்கிற நாளையும் தனியாகக் கவனிக்க வேண்டும். முதல் ராத்திரி இடம் புதுசு. தேவலை என்கிற நாளில் மனசு தேறியிருக்கும், கால் தேறியிருக்காது.

யார் விழக்கூடும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். பல மருத்துவமனைகளில் மோர்ஸ் அளவுகோல் என்று ஒரு தாள் வைத்திருப்பார்கள். ஜானிஸ் மோர்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980-களில் உருவாக்கியது. ஆறே கேள்விகள். சமீபத்தில் விழுந்திருக்கிறாரா (25), ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருக்கிறதா (15), எதைப் பிடித்து நடக்கிறார் (கோலோ வாக்கரோ என்றால் 15, மேஜை கட்டிலைப் பிடித்து நடந்தால் 30), கையில் ட்ரிப்ஸ் ஊசி இருக்கிறதா (20), நடை எப்படி (தளர்ந்திருந்தால் 10, தடுமாறினால் 20), தன் நிலைமை தனக்குப் புரிகிறதா (புரியவில்லை என்றால் 15). மொத்தம் 125. பல இடங்களில் 45-ஐத் தொட்டாலே அதிக ஆபத்து என்று வைத்துக்கொள்வார்கள், கையில் மஞ்சள் பட்டை கட்டுவார்கள்.

சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒரு அம்மா, போன மாதம் வீட்டு முற்றத்தில் விழுந்தவர், கட்டில் கம்பியைப் பிடித்துத் தளர்ந்து நடக்கிறார், கையில் ட்ரிப்ஸ். புத்தி தெளிவாக இருந்தாலும் அவருக்கு 100 வந்துவிடும்.

கடைசிக் கேள்வியைக் கேட்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘இன்றைக்கு என்ன கிழமை’ என்று கேட்பதில்லை. “நீங்களா பாத்ரூம் போயிடுவீங்களா?” என்று கேட்க வேண்டும். அவர் சொல்கிற பதிலும் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்து நிற்கவே முடியாதவர் “அதெல்லாம் போயிடுவேன்” என்று சொன்னால் 15 போடுங்கள். அவரிடம்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் உண்மையிலேயே விழுவது குறைகிறதா? சுவரில் போஸ்டர் ஒட்டினால் போதாதா?

போஸ்டர் மட்டும் போதாது என்று ஆஸ்திரேலியாவில் நடத்திப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். இரண்டு மருத்துவமனைகளில் 1,206 முதியவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவுக்குப் புத்தகமும் வீடியோவும். மூன்றாவது பிரிவுக்கு அவற்றோடு பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, அவரவர் நிலைமையை வைத்துப் பேசினார். 2011-இல் முடிவு வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் புத்தி தெளிவாக இருந்தவர்களில், ஆள் வந்து பேசிய பிரிவில் விழுந்தவர்கள் மற்ற இரண்டு பிரிவுகளில் இருந்ததில் பாதிதான். புத்தகமும் வீடியோவும் மட்டும் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே கணக்கு.

அதே ஆய்வில் மனம் உறுத்தும் செய்தியும் உண்டு. மறதியும் குழப்பமும் உள்ளவர்களுக்கு இந்தப் பாடம் உதவவில்லை. அவர்களிடையே அடிபடும்படி விழுந்தது கூடியிருந்தது. இதை மறக்காதீர்கள், கீழே மறுபடி வருகிறேன்.

2015-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 8 மறுவாழ்வு வார்டுகளில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். நோயாளிக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்து, அவர் என்ன சொன்னார் என்பதை வார்டு ஊழியர்களிடமும் தெரிவித்தார்கள். 1,000 படுக்கை நாட்களுக்கு 13.78 ஆக இருந்த விழும் எண்ணிக்கை 7.80 ஆனது. அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் மருத்துவமனைகளில் நோயாளியையும் குடும்பத்தையும் கூடவே உட்கார வைத்து, அவருக்கு என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று கட்டில் தலைமாட்டில் ஒரு தாளில் குறித்து வைத்தார்கள். 2020-இல் வந்த முடிவின்படி விழுவது 15 சதவீதமும், விழுந்து அடிபடுவது 34 சதவீதமும் குறைந்தது.

எங்கெல்லாம் குறைந்ததோ அங்கெல்லாம் ஒருவர் வந்து, உட்கார்ந்து, அந்த ஆளுக்கென்று பேசியிருக்கிறார்.

அப்படியானால் எப்படிப் பேசுவது? எங்களுக்கு நேரமே கிடைப்பதில்லையே?

பத்து நிமிடம் போதும். அதையும் இரண்டு ஐந்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். மாத்திரை கொடுக்கும்போது, பி.பி. பார்க்கும்போது பேசலாம். ஆனால் நின்றுகொண்டு பேசாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றால் நாம் கட்டளை போடுகிற மாதிரி இருக்கும், அவரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு முடித்துக்கொள்வார்.

புத்திமதியில் ஆரம்பிக்கக் கூடாது, கேள்வியில் ஆரம்பிக்க வேண்டும்.

“ஐயா, ராத்திரி ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?”

“மெதுவா எந்திரிச்சுப் போய்ட்டு வந்துருவேம்மா.”

“எந்தப் பக்கமா இறங்குவீங்க?”

அவர் காட்டுவார். அந்தப் பக்கம் ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் நிற்கும், கீழே சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். இறங்கினால் எது காலில் தட்டும் என்பதை அவரே அப்போதுதான் பார்ப்பார். நாம் சொல்லாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

அடுத்து, அவருக்கென்று உள்ள காரணத்தைச் சொல்லுங்கள். “வயசானவங்க விழுவாங்க” என்று சொன்னால் அது பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். “உங்களுக்கு நேத்து பி.பி. மாத்திரை மாத்தியிருக்காங்க. எந்திரிச்ச உடனே ரெண்டு நிமிஷம் கண்ணு இருட்டும். நேத்து சாயங்காலம் அப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்களே” என்றால் நிமிர்ந்து கேட்பார்.

பிறகு செய்யவைக்க வேண்டும். பெல் இங்கே இருக்கிறது என்று காட்டினால் போதாது. அவரே அழுத்த வேண்டும். நான் வெளியே போய் நிற்பேன், அவர் அழுத்துவார், நான் உள்ளே வருவேன். சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஒரு தடவை அழுத்தி, ஒரு ஆள் வந்து நின்றதைப் பார்த்துவிட்டால் இரண்டாவது தடவை கூச்சம் குறைந்துவிடும். பக்கவாதம் வந்தவரானால் எந்தக் கைக்கு எட்டுகிறது என்று பார்த்து அந்தக் கைப்பக்கம் பெல்லை வையுங்கள். செயலற்ற கைப்பக்கம் பெல் தொங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

கடைசியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான், “புரிஞ்சுதும்மா.” அதற்குப் பதிலாக, “நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே தெரியல. உங்க பொண்ணு வந்தா இதை எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்” என்று கேளுங்கள். பரீட்சை அவருக்கில்லை, நமக்கு என்கிற மாதிரி இருக்க வேண்டும். எது விட்டுப்போகிறதோ அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்கள்.

இரவு ஒன்பது மணி ரவுண்டில் ஒரே வாக்கியம்: “ஐயா, ராத்திரி எந்திரிக்கணும்னா என்ன பண்ணணும்?” அவர் “பெல்லு” என்று சொன்னால் போதும்.

பெல் கையிலேயே இருந்தும் ஏன் அழுத்துவதில்லை?

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். சாயங்காலமே அவரிடம், “தனியா எந்திரிக்காதீங்க சார்” என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினார். விடியற்காலை நாலு மணி இருக்கும். எதிர் வரிசையில் மூச்சுத்திணறலில் இருந்த ஒருவருக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டது. ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் சாய்ந்து கிடந்தது. ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில், இன்னொன்று காலில். வேட்டி நனைந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அவரைப் படுக்கையில் ஏற்றிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ அங்க அந்தப் பேஷண்ட்டோட கஷ்டப்பட்டுட்டு இருந்தம்மா. என் ஒருத்தனுக்காக உன்னை எதுக்குக் கூப்பிடணும்னு…”

நான் சொன்னது அவருக்கு நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. மறக்கவும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் பாடத்தையே மாற்றிக்கொண்டேன். “எந்திரிக்காதீங்க” என்பதோடு நிறுத்துவதில்லை. “நீங்க கூப்பிட்டா எனக்கு அஞ்சு நிமிஷ வேலை, நான் சந்தோஷமா வருவேன். நீங்க விழுந்தா எனக்கு மனசே ஆறாது. நான் வேற ஆளோட இருந்தாலும் கூப்பிடுங்க, யாரையாவது அனுப்புவேன்” என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று வெட்கம். மகனிடமோ மருமகளிடமோ “ஒண்ணுக்கு வருது” என்று சொல்ல ஒரு பெரியவருக்கு எவ்வளவு சங்கடம்! பெட்பேனில் போவதென்றால் இன்னும் சங்கடம். மேலே போர்வை போர்த்தி, திரை இழுத்து, அவர் முடிக்கும்வரை திரைக்கு வெளியே நிற்கிறேன் என்று சொல்லி நிற்பதுதான் அவருக்குத் தைரியம் தரும். இரவில் ஆண் நோயாளிக்கு ஆண் உதவியாளரை அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

மூன்றாவது காரணம் நம் பக்கம் இருக்கிறது. ஒரு தடவை பெல் அடித்து இருபது நிமிடம் யாரும் வராவிட்டால், அல்லது வந்தவர் “இப்பத்தானே போனீங்க?” என்று முகம் சுளித்தால், அவர் மறுபடி கூப்பிட மாட்டார். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஒரு சுளிப்பில் போய்விடும்.

எங்கள் வார்டில் பெல்லே இல்லை. நாற்பது கட்டிலுக்கு ராத்திரி இரண்டே பேர்தான். என்ன செய்வது?

அரசு மருத்துவமனைப் பொது வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூப்பிடுகிற வழியை நாமே ஏற்படுத்த வேண்டும். டம்ளரும் ஸ்பூனும் தலைமாட்டில் வைத்துத் தட்டச் சொல்லியிருக்கிறேன். சின்னப் பூஜை மணி கொண்டுவந்த குடும்பம் உண்டு. கூட இருப்பவர் கீழே பாய் போட்டுப் படுத்தால், நோயாளி இறங்குகிற பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள். கட்டிலை ஒட்டிப் படுத்தால் அவரே தடுக்கிவிடும் ஆளாகிவிடுவார்.

அதைவிட முக்கியம், அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நாமே முந்திக்கொள்வது. தூங்கப் போகுமுன் எல்லோரையும் ஒரு தடவை பாத்ரூம் கூட்டிப்போங்கள். அதிக ஆபத்து உள்ள ஐந்தாறு பேரை மட்டும் நடு இரவில் ஒரு தடவை எழுப்பிக் கேளுங்கள். அவர்களைச் செவிலியர் மேஜைக்குப் பக்கத்துக் கட்டில்களுக்கு மாற்றுங்கள். ஆள் குறைவு என்பது உண்மைதான், மேலிடத்தில் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம்தான். அது தீரும்வரை இதையாவது விடாமல் செய்வோம்.

கட்டிலிலிருந்து எப்படி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது?

“ஒருக்களிச்சுப் படுங்க. காலை முதல்ல கீழே தொங்கப் போடுங்க. முழங்கையை ஊணி எந்திரிச்சு உக்காருங்க. அப்படியே கொஞ்ச நேரம் இருங்க.” உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டச் சொல்லுங்கள், காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். தலை சுற்றவில்லை என்றால் எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி அங்கேயே நின்று பத்து வரை எண்ண வேண்டும். பிறகுதான் முதல் அடி.

உள்ளே நடப்பது இதுதான். எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவயதில் உடம்பு நொடியில் சமாளித்துவிடும். வயதானவர், நீர்ச்சத்து குறைந்தவர், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர், பி.பி. மாத்திரை போடுபவர் ஆகியோருக்கு அந்தச் சமாளிப்பு தாமதமாகும். படுத்திருக்கும்போது பி.பி. பார்த்து, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை அளவையோ போடுகிற நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம்.

கட்டிலைத் தாழ்த்த முடியுமானால் தாழ்த்தியே வைத்திருங்கள். நாம் டிரெஸ்ஸிங் செய்ய உயர்த்திவிட்டு, அப்படியே விட்டுப்போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உயரம் மாறாத கட்டிலானால் ஆடாத, அகலமான படி வையுங்கள்.

எந்த மாத்திரைகளில் கவனம் வேண்டும்?

தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, டிரமடால் போன்ற வலி மருந்து, ஆண்களுக்குப் பிராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின், இன்சுலினும் சர்க்கரை மாத்திரைகளும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நீர் மாத்திரையை ராத்திரிக்குப் பதில் காலையில் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே ராத்திரி மூன்று தடவை எழுவது ஒரு தடவையாகலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் தருவதையும் போட்டு, தலையணைக்கடியில் வைத்திருக்கும் பழைய பி.பி. மாத்திரையையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செருப்பு, உடை விஷயத்தில்?

தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டாம். ஈர டைல்ஸில் அது சோப்புக்குச் சமம். பின்னால் வார் உள்ள, அடியில் வரி தேயாத செருப்பு நல்லது. இல்லையென்றால் செருப்பு இல்லாமல் வெறுங்காலே மேல், சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவரைத் தவிர. சாதாரண சாக்ஸ் மட்டும் போட்டு நடக்கவே கூடாது. வேட்டி, லுங்கி, நைட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவரானால் அது எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்காக என்று மகள் அதைப் பைக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள்.

ட்ரிப்ஸ், யூரின் பையோடு எப்படி நடப்பது?

தனியாக நடக்க வேண்டாம். ட்ரிப்ஸ் ஸ்டாண்டுக்குச் சக்கரம் உண்டு, அது ஊன்றுகோல் இல்லை. சாய்ந்தால் அதுவும் உருளும். சிஸ்டரைக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் ட்ரிப்ஸைக் கழற்றிவிட முடியுமா என்று பார்ப்பார். யூரின் பையைக் கூட இருப்பவர் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வர வேண்டும். தரையில் இழுபட்டால் கால் மாட்டும்.

பக்கத்துக் கம்பியை ஏற்றிவிட்டால் போதாதா? கட்டிப்போடலாமா?

தெளிவாக இருப்பவருக்குக் கம்பி, புரண்டு படுக்கும்போது பிடித்துக்கொள்ள உதவும். குழப்பத்தில் இருப்பவர் அதை ஏறிக் குதிப்பார். கட்டில் உயரத்திலிருந்து விழ வேண்டியவர் கம்பி உயரத்திலிருந்து விழுவார், அதுவும் தலைகுப்புற. கம்பிக்கு நடுவில் கையோ தலையோ மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, பக்கத்தில் ஆள் இருப்பதுதான் வழி.

கையைக் கட்டிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. கட்டினால் பதற்றம் கூடும், கட்டை அவிழ்க்கப் போராடுவார், புண்ணாகும், கால் இன்னும் பலவீனமாகும். உயிருக்கு ஆபத்தான நிலையில், டாக்டர் எழுதிக்கொடுத்து, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் அது வேறு.

மறதியோ குழப்பமோ உள்ளவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நம்பி விலகிவிடாதீர்கள். மேலே சொன்ன ஆய்வு நமக்குச் சொல்வது அதைத்தான். இங்கே பாடம் குடும்பத்துக்கு.

நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி சாயங்காலம் ஆனதும் “மாடு கத்துது, கட்டிட்டு வரேன்” என்று கட்டிலிலிருந்து இறங்குவார். “இங்க ஏது மாடு, படுங்க” என்று அதட்டினால் நாம் தூங்கிய பிறகு இறங்குவார். “அண்ணன் கட்டிட்டாரு பாட்டி, நீங்க தண்ணி குடிங்க” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டால் அமர்ந்துவிடுவார். ஆனால் இப்படித் திடீரென்று வரும் குழப்பம் வயதால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், மூத்திரம் தேங்குவது, புது மாத்திரை என்று ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழகிய முகம் ஒன்று கூட இருப்பது, பகலில் ஜன்னல் வெளிச்சம், காதுமெஷினும் கண்ணாடியும் போட்டுவிடுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை பாத்ரூம் கூட்டிப்போவது ஆகியவை இவருக்கு எந்தப் பாடத்தையும்விட அதிகம் உதவும்.

கூட இருக்கும் நாங்கள் எப்படிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்?

முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்காதீர்கள். பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு கை அவர் இடுப்பைச் சுற்றி, இன்னொரு கை அவர் முன்னங்கையைத் தாங்கி. அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம், தோள்மூட்டு நழுவக்கூடும்.

பாத்ரூமுக்குள் விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே செல்போன் பார்க்காதீர்கள். தாழ்ப்பாள் போடாமல் கதவை ஒருக்களித்து வைத்து, பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் டாய்லெட் வேண்டாம், அதிலிருந்து எழும்போதுதான் தலை சுற்றும். கமோட் சேர் கேட்டு வாங்குங்கள். உள்ளே போகுமுன் தரையில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் நீங்களே துடைத்துவிடுங்கள். துப்புரவுப் பணியாளர் வரும்வரை மூத்திரம் காத்திருக்காது.

நடக்கும்போதே அவர் சரிய ஆரம்பித்தால் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள், இரண்டு பேரும் விழுவீர்கள். ஒரு காலை முன்னே வைத்து, அவரை உங்கள் உடம்போடு சாய்த்து, அந்தத் தொடைவழியே மெல்லத் தரையில் இறக்கி உட்காரவையுங்கள். தலை மட்டும் தரையில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தேவிட்டார். உடனே என்ன செய்ய வேண்டும்?

தூக்காதீர்கள். நம் ஊரில் யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்துவோம், அன்பினால்தான். ஆனால் கழுத்திலோ இடுப்பிலோ முறிவு இருந்தால் அந்தத் தூக்கலில் நிலைமை மோசமாகும். அப்படியே கிடக்கட்டும், தலைக்குக் கீழே மடித்த துணிகூட இப்போது வேண்டாம். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

செவிலியர் பார்க்க வேண்டியவை: நினைவு, மூச்சு, தலையில் அடி, கழுத்து வலி. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும்; விழுந்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ, குளோபிடோக்ரல் போன்றதோ போடுகிறவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மூளைக்குள் ரத்தம் கசிவது பல மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். “நல்லாத்தானே பேசுறார்” என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் மறைக்காதீர்கள். வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், எழுதி வையுங்கள். விழுந்த நேரத்தில் டியூட்டியில் இருந்த பிள்ளையை எல்லோர் முன்னாலும் திட்டுகிற வார்டில் அடுத்த தடவை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ஏன் எழுந்தார், எங்கே போனார், ஏன் கூப்பிடவில்லை என்று அன்றே அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நடக்கவே விடாமல் படுக்கவைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். பாசமுள்ள பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு இது. “அப்பா, நீங்க அசையவே கூடாது” என்று எல்லாவற்றையும் படுக்கைக்கே கொண்டுவருவார்கள். ஒரே வாரத்தில் அப்பாவால் நிற்க முடியாமல் போகும். டாக்டர் அனுமதித்திருந்தால் சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துக் கொடுங்கள். பகலில் மூன்று தடவையாவது துணையோடு வராந்தாவில் நடக்கவையுங்கள். பகலில் ஆளோடு நடக்கிறவருக்கு இரவில் தனியாக எழுந்து பார்க்கும் ஆசையும் குறையும்.

குழந்தைகள், பிரசவித்த தாய்மாருக்கும் இது உண்டா?

உண்டு. பிரசவம் ஆனபின், குறிப்பாக முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், முதல் தடவை எழும்போது கட்டாயம் செவிலியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே தாய் தூங்கிவிட்டால் பிள்ளை நழுவும். துணைக்கு இருக்கும் அம்மாவோ மாமியாரோ விழித்திருந்து பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும். சின்னக் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, கம்பியை இறக்கி வைத்து, பால் பாட்டிலை எடுக்கத் திரும்பும் அந்த நேரம் போதும்.

வீட்டுக்குப் போகிற நாளில் என்ன சொல்லி அனுப்புவது?

மாத்திரைச் சீட்டை விளக்குகிற அவசரத்தில் இதை விட்டுவிடுகிறோம். வண்டி வாசலில் நிற்கிறது என்று தெரிந்ததும் நோயாளி தானாக எழுந்து சட்டை மாற்ற ஆரம்பிப்பார். ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடப் பார்ப்பார். முதலில் அவரை உட்கார்ந்து உடுத்தச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றி நான் நாலு கேள்வி கேட்பேன். பாத்ரூம் வீட்டுக்குள்ளா, கொல்லையிலா? போகிற வழியில் ராத்திரி விளக்கு எரியுமா? பிடித்து எழக் கம்பி இருக்கிறதா? ராத்திரி யார் அதே அறையில் படுப்பார்கள்? கொல்லையில் என்றால், ராத்திரிக்குக் கட்டிலருகே ஒரு கமோட் சேரோ யூரின் பாட்டிலோ வாங்கி வைத்த பிறகே அழைத்துப்போகச் சொல்லுவேன். மகன் “ஆகட்டும் சிஸ்டர்” என்பார். அவரிடமும் அதே கேள்விதான்: “சரி தம்பி, இன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க.”